கால் படாத எடம்

உள்ள வாங்க தம்பி. செருப்பக் கழட்ட வேண்டாம், இங்க எல்லாமே சிமெண்டுதான். உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அதுல ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. கலர் மீன்கடைக்காரர்தானுங்களே அனுப்புனாரு? அந்தாளுக்கு வேற பொழப்பே இல்ல. வீட்ல மீன் குளம் கட்டோணும்னு எவன் போய் நின்னாலும், வடவள்ளில ஒரு பெரியவர் கட்டியிருக்கறாரு, முதல்ல அவரப் பாத்துட்டு வாங்கன்னு இங்க தள்ளி விட்டுர்றாரு. நீங்க நாலாவது ஆளு. முன்னாடி வந்த மூணு பேரும் கட்டல.

அந்தச் சத்தமா? மோட்டாருங்க. அது பாட்டுக்கு ஓடட்டும், நீங்க கொஞ்சம் கிட்டக்க வாங்க.

எங்கிருந்து வர்றீங்க? ஒண்டிப்புதூரா? ஒண்டிப்புதூர்ல எந்தப் பக்கம்? ஓ, பிள்ளையார் கோயில் வீதிக்கு அடுத்த வீதியா. ம். இல்லீங்க, சும்மாதான் கேட்டேன். அந்தப் பக்கம் நமக்கு... சரி, அத விடுங்க. எவ்வளவு ஆகும்னுதானே கேட்டீங்க, அதுக்கு வருவோம்.

முதல்ல குழி. பன்னெண்டு அடி நீளம், எட்டு அடி அகலம், நாலு அடி ஆழம். கான்ட்ராக்டர் வந்தான், பாத்தான், ரெண்டு நாள் வேலைங்கன்னான். ரெண்டு அடி போனதும் டங்குன்னு பாறை. அட கெரகமே! கம்ப்ரசர் வெச்சுத்தான் ஒடைக்கோணும்னான். ஒம்பது நாளுங்க. வீதி பூராத் தூசி. பக்கத்து வீட்டம்மா காயப்போட்ட சேலையக் கையில புடிச்சுட்டு வந்து இந்த கேட்டுல நின்னு என்னென்ன பேசுச்சு தெரியுங்களா? அதுக்கு முந்தி இருவது வருசத்துல அந்தம்மா எங்கிட்டப் பேசுனதே இல்ல.

சரி, குழி முடிஞ்சுது. கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, பூச்சு பூசி, டைல்ஸ் ஒட்டி, பதினோராயிரம் லிட்டர் தண்ணி ரொப்புனோம். மூணு நாள்ல பாத்தா முழங்கால் அளவுக்குத்தான் தண்ணி நிக்குது. ஒழுகுது! எங்க ஒழுகுதுன்னு எவனுக்கும் தெரியல. கான்ட்ராக்டர் என்ன சொல்றான் தெரியுங்களா? வெயிலுக்கு ஆவியாப் போயிருக்குமுங்கன்னு சொல்றான். எங்கிட்ட! மறுக்காக் கொத்தி, மருந்து பூசி, மறுக்கா டைல்ஸ். ஒரு குளத்துக்கு ரெண்டு குளத்துச் செலவு.

அப்பறம் வடிகட்டி. இதக் கேட்டுக்கங்க. மீனு பேளற தண்ணியச் சுத்தம் பண்றதுக்கு அறுபத்தஞ்சாயிரம் ரூபாய். நான் குடிக்கற தண்ணிக்குச் சமையல்கட்டுல மாட்டி வெச்சிருக்கறது எட்டாயிரம்தானுங்க. சீன்னு போச்சு. அதுலயும் அந்த வடிகட்டிய வாரத்துக்கு ஒருக்காக் கழுவோணும். கழுவிப் பாருங்க, ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது. அந்தப் பச்சைச் சளி கைல ஒட்டுனா சோப்புப் போட்டாலும் போகாது.

மோட்டார்ல மட்டும் எவனும் என்னை ஏமாத்த முடியல. நான் முப்பத்திநாலு வருசம் பம்புசெட் கம்பெனில இருந்தவன். கடைசிப் பத்து வருசம் ஃபோர்மேன். திருமூர்த்தின்னு சொன்னா அந்த லைன்ல எல்லாத்துக்கும் தெரியும். ஓடற சத்தத்தக் கேட்டே பேரிங் போயிருக்குதா, காயில் போயிருக்குதான்னு சொல்லீருவேன். அருவி மாதிரி தண்ணி விழுகறதுக்கு ஒரு மோட்டார், தண்ணிக்குள்ள காத்து ஊதறதுக்கு ஒரு பம்பு, ரெண்டுக்கும் நானே ஒயர் இழுத்து, அதா அங்க தெரியுது பாருங்க, ஒரே சுவிட்சுல குடுத்தேன். ஒரு தட்டு தட்டுனா ரெண்டும் ஓடும், ஒரு தட்டு தட்டுனா ரெண்டும் நிக்கும். கரண்டு போனாலும் நிக்கக் கூடாதுன்னு ஒரு ஜெனரேட்டர் வேற. வேலைன்னா இப்படி இருக்கோணும்.

மீனு பன்னெண்டு. நாலாயிரத்துல இருந்து ஆரம்பிச்சு. உச்சந்தலையில மட்டும் செவப்புப் பொட்டு வெச்ச வெள்ளை மீன் ஒண்ணு, அது பதினெட்டாயிரம். பன்னெண்டு எதுக்குன்னா, எங்க சகலை வீட்ல பதினொண்ணு.

சகலை லோகநாதன், திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கறான். என் சம்சாரத்தோட தங்கச்சி வீட்டுக்காரன். ஒரு நாள் விருந்துக்குக் கூப்புட்டான். போனா, குளத்தோரமாச் சேர் போட்டு உக்கார வெச்சு, டீயக் கைல குடுத்துட்டு, ஒவ்வொரு மீனா வெலை சொல்றான். மனுசன் டீ குடிக்கறதா வேண்டாமா? சாந்தாமணி, என் சம்சாரம், நல்லா இருக்குதுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டா. அவ மரியாதைக்குத்தான் சொன்னா. ஆனா அவன் திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தான் பாருங்க. ரிட்டயர்டு ஃபோர்மேனுக்கு இதெல்லாம் எங்க முடியப் போகுதுங்கற பார்வை. திரும்பி வர்ற வழியில பஸ்ஸுலயே முடிவு பண்ணீட்டேன்.

மொத்தம் நாலே முக்கால் லட்சம். பி.எஃப். பணம். எழுதிக்கங்க.

முன்னாடி இந்த எடத்துல என்ன இருந்துச்சுங்களா? பெருசா ஒண்ணும் இல்லீங்க. ஒரு கறிவேப்பிலை மரம், ஒரு நார்த்தை, நாலஞ்சு செம்பருத்தி, ஒரு துளசிச் செடி. எல்லாம் என் தங்கச்சி பூவாத்தா வெச்சது. வேர் குளத்தை ஒடைச்சுரும்னு கான்ட்ராக்டர் சொன்னான், எடுத்துட்டோம். சுத்தியும் சிமெண்டு போட்டு, மேல டைல்ஸ் ஒட்டீட்டோம். குப்பை இல்ல, சேறு இல்ல. பளிச்சுன்னு இருக்குதில்லீங்க?

பூவாத்தா என்னை விட எட்டு வயசு சின்னவ. இருவத்தொம்பது வயசுல புருசன் லாரில அடிபட்டுப் போயிட்டான். கைல ஒரு ட்ரங்குப் பெட்டியோட வந்து இந்த வாசல்ல நின்னா. நான்தானுங்க வெச்சுப் பாத்தேன், பன்னெண்டு வருசம். யாரு பாப்பா இந்தக் காலத்துல? சாந்தாமணி அப்ப மில்லுக்கு வேலைக்குப் போயிட்டிருந்தா. அதனால எங்க பொண்ணு இந்துவ பூவாத்தா பாத்துக்குவா. குளிக்க ஊத்தறது, சோறு ஊட்டறது, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டீட்டுப் போறது, காச்சல்னா தூக்கம் முழிக்கறது, அவ்வளவுதான். மத்தபடி சமையல், துணி தொவைக்கறது, கடைக்குப் போறது. வேற வேலை ஒண்ணும் கெடையாது, சும்மாதான் இருந்தா. அப்பறம் சத்துணவுல வேலை கெடைச்சு அந்தப் பக்கம் தனியாப் போயிட்டா. ஆமாங்க, ஒண்டிப்புதூருதான்.

மரத்த வெட்டற அன்னைக்கு வந்திருந்தா. அவ சத்தம் போடுவான்னு நெனச்சேன். ஆனா கீழ கெடந்த கொப்புல இருந்து கறிவேப்பிலைய உருவி உருவி மஞ்சப்பையில போட்டுக்கிட்டா. வேரோட ஒரு சின்னக் கன்னு கெடந்துச்சு, அதையும் எடுத்துக்கிட்டா. எல்லாம் முடிஞ்சு டைல்ஸ் ஒட்டுனதுக்கு அப்பறம் ஒருக்கா வந்து பாத்துட்டு, ஏண்ணா, கால் வெக்க மண்ணே இல்லையேன்னா. பாருங்க, நாலே முக்கால் லட்ச ரூபாய் குளத்தைப் பாத்துட்டுச் சொல்ற வார்த்தையா இது?

அப்பத்தான் இந்துவுக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு வெக்கோணும். சம்பந்தி வீட்ல, மண்டபம் புடிச்சுர்றோமுங்கன்னாங்க. நான் ஒத்துக்கல. மண்டபத்துல வெச்சா இதை யாரு பாக்கறது? இங்கதான் வெக்கோணும், எங்க வீட்டு வாசல்ல, குளத்தோரமா மணை போட்டுன்னு அடம் புடிச்சு வாங்குனேன். லோகநாதனுக்கு நானே நேர்ல போய்ப் பத்திரிகை வெச்சேன்.

வளைகாப்புக்கு மொத நாளே ஒரு கோட்டாலை, பெரிய தலைவலி. இந்து சொல்றா, மொத வளையல அத்தைதான் எனக்குப் போடோணும்னு. எப்படிங்க? சம்பந்தி வீட்டாளுக என்ன நெனைப்பாங்க? புருசன் இல்லாதவ மொத வளையல் போடறதுன்னா நல்லாவா இருக்கும்? நான் ஒண்ணும் கெட்டவன் இல்லீங்க, எனக்கு அதுலயெல்லாம் நம்பிக்கையும் கெடையாது. ஆனா நாலு பேரு பாக்கறாங்கல்ல. முடியாதுன்னுட்டேன். பூவாத்தாளுக்கே தெரியும். அவ பாட்டுக்குச் சமையக்காரங்க பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சுட்டு இருந்தா.

அன்னைக்கு நல்ல சித்திரை வெயிலு. கேமராக்காரன் வந்ததுமே தொணதொணன்னு ஆரம்பிச்சுட்டான். சார், தண்ணி அலையடிக்குது, மீன் தெளிவா விழ மாட்டேங்குது, மைக்குல கொர்ருன்னு மோட்டார் சத்தம் வேற வருதுன்னான். நியாயந்தானுங்க. இத்தனை செலவு பண்ணீட்டுப் போட்டோல மீன் தெரியலைன்னா எப்படி? சரின்னு ஒரு பத்து நிமிசம் மோட்டாரை நிறுத்துனேன்.

அப்பறம் பாக்கோணுமே! தண்ணி அசையாம நின்னுது. சொந்தம், ஒறம்பரையெல்லாம் வந்து சுத்தி நிக்குது. பன்னெண்டு மீனும் ஒண்ணு விடாம மேல வந்துருச்சுங்க. வாயத் தொறந்து தொறந்து மூடுது. குழந்தைகளெல்லாம் பொரி போடுது. சம்பந்தியம்மா கையெடுத்துக் கும்புட்டாங்க, மீனுகூட எங்க இந்துவ வாழ்த்துது பாருங்கன்னு. லோகநாதன் வந்து நின்னான். நின்னுட்டு, அண்ணா, உங்க மீனு நல்லாப் பழகியிருக்குதுங்க, எங்க மீனு இப்படி மேல வராதுன்னான். லோகநாதன் வாயால! என் காதால கேட்டேன்.

இருங்க, ஆல்பத்தை எடுத்துட்டு வர்றேன். ஸ்டூடியோக்காரன் குடுத்தது அப்படியே கெடக்குது, இந்து வீட்டாளுக யாரும் வந்து எடுத்துட்டுப் போகல. பாருங்க, இந்தப் போட்டோவப் பாருங்க. இதா, இதுதான் பொட்டு வெச்ச மீன். எல்லாம் வாயத் தொறந்துட்டு எப்படி நிக்குது பாருங்க. இது பதினொன்றரைக்கு எடுத்தது. அப்ப வளையலே போட ஆரம்பிக்கல.

என்னங்க? மீனு மூச்சு வாங்குதுங்கறீங்களா? நீங்க என்ன தம்பி, மீன் டாக்டரா? படிச்சீங்களா, எதுல, போன்லயா? அது பசிங்க. பசியில வாயத் தொறக்குது. போன்ல போட்டா எல்லாம் நெசமாயிருமா?

இனித்தான் கேளுங்க. வளையல் போட்டு முடிஞ்சுது. மூணு சுமங்கலிக சேந்து ஆரத்தி சுத்துனாங்க. ஆரத்தித் தண்ணியில என்ன இருக்குது? மஞ்சளும் சுண்ணாம்பும். சுத்துனதுக்கு அப்பறம் அத யாரும் மிதிக்கக் கூடாதில்லீங்க? கால் படாத எடமாப் பாத்து ஊத்தோணும். சாந்தாமணி தட்டை பூவாத்தா கைல குடுத்து, கால் படாத எடத்துல ஊத்திட்டு வா அம்மிணின்னு சொல்லியிருக்கறா. எப்பவும் ஊத்தறது கறிவேப்பிலை மரத்தடியிலதான். அது இல்ல. வாசல் பூராச் சிமெண்டு, அங்க ஆளுக உக்காந்திருக்கறாங்க. வீதி பூராக் காரு, செருப்பு. தட்டக் கைல வெச்சுட்டு இப்படியும் அப்படியும் சுத்தியிருக்கறா. சுத்திப்போட்டு நேரா வந்து குளத்துல ஊத்திட்டா!

கிட்டப் போய் மெல்லக் கேட்டதுக்கு என்ன சொல்றா தெரியுங்களா? இந்த வீட்ல கால் படாத எடம் இது ஒண்ணுதானுங்கண்ணான்னா.

செவப்பாப் பரவுச்சுங்க தண்ணியில. நான் பாத்துட்டேன். ஆனா சம்பந்தி முன்னாடி என்ன பண்றது, பல்லைக் கடிச்சுட்டு நின்னேன். பந்தி போட்டாச்சு. புளிசாதம், எலுமிச்சஞ்சாதம், தயிர்சாதம்னு எல்லாம் எலையில விழுந்திருக்குது, லோகநாதன் அப்பளத்தை நொறுக்கறான். அப்ப ஒரு குழந்தை கத்துச்சு, தாத்தா, மீன் படுத்துட்டுத் தூங்குதுன்னு.

மொதல்ல பொட்டு வெச்சது. வயித்தைக் காட்டிட்டு மெதக்குது. நான் எறங்கித் தூக்கறதுக்குள்ள இன்னொண்ணு. அப்பறம் மூணு. நான் அங்க இடுப்பளவு தண்ணியில, பட்டு வேட்டியோட, செத்த மீனக் கைல புடிச்சுட்டு நிக்கறேன். லோகநாதன் எலையில கைய வெச்சுட்டு என்னையே பாக்கறான். சிரிக்கல. சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்லீங்க.

கோவம் வருமா, வராதா? நீங்களே சொல்லுங்க. திரும்பிப் பாத்தா அவ நிக்கறா, அந்தத் தட்டோட. கேட்டேன். நீ கை வெச்ச எது வெளங்கியிருக்குது? கட்டுனவன் வெளங்குனானான்னு கேட்டேன். அவ்வளவுதானுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல நான். சத்தமாக்கூடப் பேசல. எல்லாரும் வாய மூடிட்டு இருந்தாங்க, அதனால சத்தமாக் கேட்டிருக்கும்.

அவ தட்டக் கீழ வெச்சா. மெல்ல வெச்சா, சத்தமில்லாம. சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிட்டு கேட்டைத் தொறந்துட்டுப் போயிட்டா. போனா போகட்டும், ரெண்டு நாள்ல வந்துருவான்னு விட்டேன். இந்தப் பொண்ணு இருக்குதே இந்து, மணையில உக்காந்திருந்தவ எந்திருச்சா. ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் வளையலு. அத்தை, நில்லுங்க, நானும் வர்றேன்னு சொல்லிட்டு, ஏழு மாச வயித்தோட, செருப்புக்கூடப் போடாம வீதியில எறங்கிட்டா. நடக்க நடக்க அந்த வளையல் சத்தம் வீதிமுக்கு வரைக்கும் கேட்டுச்சு. மாப்பிள்ளை பின்னாடியே காரை எடுத்துட்டு ஓடுனாரு. சம்பந்தியம்மா பைய எடுத்துட்டாங்க. பத்து நிமிசத்துல வாசல் காலி. இருநூறு எலை சோறு அப்படியே கெடந்துச்சு.

சாயங்காலத்துக்குள்ள பன்னெண்டும் போச்சுங்க. நாத்தம்னா நாத்தம், அப்படி ஒரு நாத்தம். புதைக்கலாம்னு கடப்பாறைய எடுத்தேன். எங்க புதைக்கறது? இந்த வீட்ல ஒரு சாண் மண்ணு இல்ல. குப்பை வண்டிக்காரங்க, இதெல்லாம் எடுக்க மாட்டோமுங்கன்னு போயிட்டாங்க. கடைசில பன்னெண்டையும் சிமெண்டுச் சாக்குல போட்டு, ஸ்கூட்டர்ல வெச்சு, நொய்யல் கரைக்குக் கொண்டு போய்ப் புதைச்சேன். வழி பூரா அந்தச் சாக்குல இருந்து கால்ல ஒழுகுது. சீ!

மீன்கடைக்காரர் மறுநாள் வந்தாரு. தண்ணிய எடுத்து ஏதோ சொட்டு மருந்து போட்டுக் கலரைப் பாத்தாரு. பாத்துட்டு, பதினோராயிரம் லிட்டர்ல ஒரு தட்டு ஆரத்தித் தண்ணிக்கு மீன் சாகாதுங்க ஐயா, மோட்டார் எத்தனை நேரம் நின்னுதுன்னு கேக்கறாரு. எங்கிட்ட! மோட்டாரைப் பத்தி! ஒரு மணி நேரம் இருக்கும், அதுக்கு என்ன இப்பன்னேன். சித்திரை வெயிலுங்க, இத்தனை பெரிய மீனுங்க, காத்து இல்லைன்னா தாங்காதுங்கன்னாரு. அவரு வியாபாரிங்க. தன் மீனு மேல பழி வரக் கூடாதுன்னு எதாச்சும் சொல்லத்தான் செய்வாரு. பந்தி முடியற வரைக்கும் நின்னிருந்தாத்தான் என்ன? ஆத்துல மீனுக்கெல்லாம் எவன் மோட்டார் போடறான்?

இந்து வரல. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குத்தானே வரோணும்? வரல. அவ அத்தை வீட்டுக்குப் போயிட்டா. ரெண்டே ரூம்பு, ஓட்டு வீடு. இங்க மேல ஏசி ரூம்பு இருக்குது, தொட்டில்கூட வாங்கி வெச்சிருக்கறேன். மாப்பிள்ளையும் அவ அங்க போறதுக்குச் சரின்னுட்டாரு. ஒம்பதாம் மாசம் சாந்தாமணியும் துணிமணிய எடுத்து வெச்சா. கூடமாட இருக்கோணும்ங்கன்னா. கேட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி நின்னு, வளைகாப்பன்னைக்குக் காலைல நீங்க அந்தச் சுவிட்சைத் தட்டறப்ப நான் கோலம் போட்டுட்டு இருந்தேனுங்கன்னா. அவ்வளவுதான் சொன்னா. இத எதுக்கு அப்பச் சொல்றான்னு கேக்கறேன். கோலம் போட்டா போட்டுட்டுப் போறா.

பொட்டக் குழந்தை. ஆறு மாசம் ஆச்சு. மாப்பிள்ளை ஒரு போட்டோ அனுப்புனாரு போன்ல. இதா. மூக்கு எங்க அம்மா மூக்கு. பேரு வெச்சு விருந்தும் போட்டுட்டாங்களாம், லோகநாதன் போன் பண்ணி, என்னங்கண்ணா உங்களைக் காணோமேன்னான். என்ன பேரு வெச்சாங்கன்னு அவங்கிட்டக் கேக்க முடியுங்களா? பேத்தி பேரு தெரியாதான்னு கேப்பானில்ல. ஒடம்பு சரியில்லைன்னு சொல்லி வெச்சுட்டேன்.

நாலே முக்கால் லட்சத்துல ஒரு மீனு மிச்சம் இல்ல. தண்ணிதான் கெடக்குது. அதுல புழு. கொசு. காலைல எந்திருச்சா அந்தப் பச்சை நாத்தம். காப்பி நானே போட்டுக்கறேன், சோறு மெஸ்ஸுல இருந்து வருது. வாயில வெக்க முடியல. இந்தக் குளத்தைப் பாத்தாலே எனக்கு...

அய்யோ! கரண்டு போயிருச்சு! மோட்டார் நின்னுருச்சு, தள்ளுங்க தம்பி, தள்ளுங்க, அந்த ஜெனரேட்டர் சாவி, சாவி எங்க வெச்சேன், ஆணியிலதானே மாட்டுனேன்...

...

ஒண்ணுமில்லீங்க. விடுங்க, கையப் புடிக்க வேண்டாம். உக்காந்துக்கறேன்.

எதுக்குங்க ஓடுனேன் நான்? உள்ள ஒரு மீனு இல்ல. ஏங்க, நீங்க வந்ததுல இருந்து பாத்துட்டுத்தானே இருக்கறீங்க, மீனே இல்லாத குளத்துக்கு எதுக்கு மோட்டார்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கல. வந்த மூணு பேரும் கேட்டாங்க. நீங்க கேக்கல.

ஏழு மணிக்குங்க தம்பி. பத்து நிமிசமும் இல்ல, ஒரு மணி நேரமும் இல்ல. காலைல ஏழு மணிக்கு நிறுத்துனேன். கேமராக்காரன் எட்டு மணிக்கே, சார், எடுத்தாச்சு, போட்டுக்கங்கன்னுட்டான். பதினொரு மணிக்கு மேல ஒருக்கா எனக்கே மனசு கேக்காமச் சுவிட்சுகிட்டப் போனேன். விரல் சுவிட்சு மேலதான் இருந்துச்சு. முப்பத்திநாலு வருசம் மோட்டார் கூடவே இருந்தவனுக்குத் தெரியாதா? ஆனா பன்னெண்டும் மேல நிக்குது, லோகநாதன் குனிஞ்சு பாத்துட்டு இருக்கறான். போட்டா எல்லாம் அடியில போயிருமேன்னு கைய எடுத்துட்டேன்.

அவ ஊத்துனது ஒரு மணிக்கு.

இப்ப எவ்வளவு அமைதியா இருக்குது பாருங்க. இந்த அமைதி எனக்கு ஆகறதே இல்ல.

தம்பி, போயிராதீங்க. ஒரே ஒரு உபகாரம். பிள்ளையார் கோயில் வீதியில ரேசன் கடைக்கு எதுத்தாப்புல ஒரு ஓட்டு வீடு, பச்சைக் கதவு. வாசல்ல ஒரு பழைய பெயிண்டு டப்பால கறிவேப்பிலைக் கன்னு இருக்கும், இத்தன நாள்ல இடுப்பு உசரம் வளந்திருக்கும். நீங்க போற வழிதானே. உள்ள போக வேண்டாம். வாசல்ல நின்னு, குழந்தைக்கு என்ன பேரு வெச்சிருக்கறீங்கன்னு மட்டும் கேட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க.

கதவைத் தொறக்கறது பூவாத்தாவாத்தான் இருக்கும். யாரு கேக்கச் சொன்னாங்கன்னு கேப்பா. என் பேரைச் சொல்ல வேண்டாம். ஏழு மணிக்கு மோட்டாரை நிறுத்துனவன்னு சொல்லுங்க.